எல்லாருக்குமான நடனம்: எது மாறும், எது மாறாது

மதுரையில் யாரிடமாவது போய், "மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்து ஆடும் நடன வகுப்பு" என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் மனதில் பெரும்பாலும் மூன்று படங்களில் ஒன்றுதான் ஓடும். முதலாவது, மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3 அன்று போடும் மேடை. சிறப்புப் பள்ளிக் குழந்தைகள் ஒரே நிற உடையில் ஆடுவார்கள், முன்வரிசையில் இருப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், அப்புறம் கேடயம், ஃபோட்டோ, சாப்பாட்டுப் பொட்டலம். இரண்டாவது, பிசியோதெரபி அறையில் பாட்டைப் போட்டுக் கைகாலை அசைக்க வைப்பது. மூன்றாவது, காலை நேரப் பூங்காவில் வட்டமாக நின்று கைதட்டிச் சிரிப்பது.

மூன்றிலும் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கட்டுரை சொல்ல வரும் விஷயம் அந்த மூன்றும் இல்லை. பதினெட்டு வயதைக் கடந்தவர்கள், உடல் எப்படி இருந்தாலும் சரி, ஒரே அறையில் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ சேர்ந்து ஆடுவது. தேர்வு கிடையாது, பார்வையாளர் கிடையாது, அரங்கேற்றம் கிடையாது. சக்கர நாற்காலியில் வருபவர் இருப்பார், காது கேளாதவர் இருப்பார், முட்டிவலிக்காரர் இருப்பார், ஒரு குறையும் இல்லாமல் சனிக்கிழமை மாலையைக் கழிக்க வந்தவரும் இருப்பார். நடத்துபவரை வழிநடத்துநர் என்று சொல்லலாம். வாத்தியார் தனக்குத் தெரிந்ததைக் கற்றுத்தருவார். வழிநடத்துநர், வந்திருப்பவர்களிடம் இருப்பதை வைத்து ஆட்டத்தை உண்டாக்குவார்.

இதைப் பற்றி ஊரில் பேசும்போது அடிக்கடி வரும் ஒரு வாக்கியம்: "பாவம், அவங்களுக்கு ஏத்த மாதிரி கொறச்சு சொல்லித் தர்றாங்க." விளக்க வேண்டியது இந்த 'கொறச்சு'வைத்தான். இங்கே எதுவும் குறைக்கப்படுவதில்லை. சில விஷயங்கள் மாறுகின்றன, சில மாறவே மாறாது.

ஒரு கல்யாணப் பந்தி

கல்யாண மண்டபத்தில் ஒரு வரிசையில் இருபது பேர் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் அதே இலை, அதே பரிமாறல். ஜாங்கிரி வரும்போது சர்க்கரை உள்ள மாமா இலைமேல் கையை வைத்து மறைக்கிறார். பல் இல்லாத அப்பத்தா கூட்டு, பொரியலை ஒதுக்கிவிட்டு நேராக ரசத்துக்குப் போகிறார். காலேஜ் பையன் அப்பளத்துக்காக மூன்றாவது தடவை ஆளைக் கூப்பிடுகிறான். ஒவ்வொருவரும் சாப்பிட்டது வேறு வேறு. ஆனால் அப்பத்தா பாதிப் பந்திதான் உட்கார்ந்தார் என்று யாரும் சொல்வதில்லை.

அதே அப்பத்தாவை, "அவுகளுக்கு அதுதான் தோது" என்று உள்ளறையில் தனியாக உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்தால் என்ன ஆகும்? வயிறு நிறையும். ஆனால் கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு காலத்தில் பந்தி என்றால் தரையில் பாய். சம்மணம் போட முடியாதவர்கள் திண்டாடினார்கள். பிறகு மேசையும் நாற்காலியும் வந்தன. முட்டி மடங்காதவருக்கு மட்டும் ஓரமாக ஒரு மேசை என்று போடவில்லை, எல்லாரும் இப்போது அதில்தான் உட்காருகிறோம். அதனால் விருந்தின் தரம் இறங்கிவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. (நினைக்கும் பெரியவர்கள் சிலர் உண்டு. அவர்களும் நாற்காலியில் சாய்ந்தபடிதான் அதைச் சொல்கிறார்கள்.)

சுருக்கமாக: ஒரே பந்தி, அவரவர் அளவு, உட்காரும் வசதி எல்லாருக்கும் பொது. உள்ளறைக் கஞ்சிக்கு இந்தக் கட்டுரையில் இடமில்லை.

தடை உடம்பில் இருக்கிறதா, படிக்கட்டில் இருக்கிறதா?

நம் ஊரில் பல நடன வகுப்புகள் முதல் மாடியிலோ மொட்டைமாடியிலோதான் நடக்கின்றன. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் அங்கே ஆட முடியவில்லை என்றால், காரணம் அவர் காலா, படிக்கட்டா? கால் என்று சொல்வது மருத்துவ நோக்கு. படிக்கட்டு என்று சொல்வது சமூக நோக்கு. இரண்டாவது நோக்கின்படி, உடலின் நிலை ஒரு பக்கம் இருக்கட்டும், ஊர் அமைந்திருக்கும் விதம்தான் ஆளை வெளியே நிறுத்துகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட வகைப்பாடு இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது. உடல்நிலையும் சுற்றுச்சூழலும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் இயலாமை பிறக்கிறது என்பது அதன் சாரம். சட்டமும் அந்தத் திசையில்தான் நகர்ந்தது. 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் பண்பாடு, பொழுதுபோக்கு, விளையாட்டு ஆகியவற்றில் பங்கேற்கும் உரிமைக்கென்றே 30ஆம் பிரிவு இருக்கிறது. இந்தியா அதை 2007இல் ஏற்றது. நம்முடைய 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதன் 29ஆம் பிரிவு, கலைப் பாடத்திட்டங்களை மாற்றுத்திறனாளிகள் பங்கேற்கும்படி மாற்றியமைக்கும் பொறுப்பை அரசுக்கும் உள்ளாட்சிக்கும் தருகிறது. 'மாற்றியமைத்தல்' என்று சட்டமே சொல்லும்போது, ஆளை மாற்று என்று அது சொல்லவில்லை, பாடத்தை மாற்று என்கிறது.

2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் 2.68 கோடிப் பேர் மாற்றுத்திறனாளிகளாகப் பதிவானார்கள். முட்டி தேய்ந்த அம்மாக்கள், பக்கவாதத்துக்குப் பின் ஒரு கை சரியாக வராத அப்பாக்கள் எல்லாரும் அந்தப் பட்டியலில் தங்களைச் சேர்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் நடன வகுப்பின் வாசலில் அவர்களும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

படி சொல்வதா, வேலை கொடுப்பதா?

இந்த முறையின் நெஞ்சு இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வழக்கமான வகுப்பில் வாத்தியார் படி சொல்வார். "வலது கையைத் தோளுக்கு நேரா நீட்டு, இடது காலை முன்னாடி வை." படி என்பது ஒரு வடிவம். அந்த வடிவத்துக்கு உடம்பு பொருந்தினால் சரி, பொருந்தாவிட்டால் தப்பு. வலது கை அசையாதவருக்கு அந்த வாக்கியம் ஆரம்பிக்கும்போதே முடிந்துவிடுகிறது.

எல்லாருக்குமான அமர்வில் வழிநடத்துநர் வேலை கொடுப்பார். "உங்களுக்கு மேலே கொடியில ஒரு துணி காயுது. மழை வர்ற மாதிரி இருக்கு. எடுங்க." வேலை என்பது ஒரு நோக்கம். அதை எந்த உறுப்பால், எவ்வளவு உயரத்தில், எத்தனை விநாடியில் செய்வது என்பது ஆடுபவர் முடிவு.

நான் உதவிக்குப் போகும் ஒரு அமர்வில் இந்த வேலை கொடுக்கப்பட்டது. ஒரு இளைஞர் எம்பிக் குதித்து இரண்டு கையாலும் உருவினார். காலைத் தாங்கும் சட்டமான கேலிப்பர் போட்ட ஒரு அக்கா ஊன்றுகோலை மேலே உயர்த்தி, கொக்கியால் இழுப்பது போல இழுத்தார். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு தம்பிக்குக் கை தோளுக்கு மேல் வராது. அவர் முகத்தை மெதுவாக மேலே தூக்கி, கண்ணாலேயே கொடியின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை போய்விட்டு, சட்டென்று தலையைக் குனிந்தார். துணி மடியில் விழுந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் எதுவுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தார். "என்னய்யா, நீங்க எடுக்கலையா?" என்று கேட்டதற்கு, "எங்க வீட்ல நான் எடுக்கிறதில்ல தாயி, அவதான் எடுப்பா" என்றார். அதுவும் ஒரு பதில்தான். அவருக்குத் துணியை மடிக்கும் வேலை கொடுக்கப்பட்டது.

சரி, இது நடிப்பு மாதிரி இருக்கிறதே, நடனம் எப்படி ஆகும் என்ற கேள்வி வரும். வர வேண்டிய கேள்விதான். ஒருவர் துணியை எடுத்த விதத்தை எட்டு எண்ணிக்கைக்குள் வைக்கச் சொல்வார்கள். அதையே திரும்பத் திரும்பச் செய்வார். அடுத்த சுற்றில் பாதி வேகம், அதற்கடுத்ததில் இரட்டை வேகம். பிறகு பக்கத்தில் இருப்பவரின் எட்டோடு அதை இணைப்பார்கள். நாலு பேருடையதைக் கோத்தால் முப்பத்திரண்டு எண்ணிக்கையில் ஒரு வரி கிடைத்துவிடும். அன்றாடச் செயல் தாளத்துக்குள் வந்து, திரும்ப வந்து, அழுத்தம் மாறும்போது அது நடனமாகிறது. நம் நாட்டார் ஆட்டங்கள் சிலவற்றிலும் நாற்று நடுவதும் நெல் குத்துவதும் அப்படித்தான் ஆட்டமாக வந்திருக்கின்றன.

எது மாறாது?

உறுப்பு மாறலாம், உயரம் மாறலாம், பிறகு எல்லாருக்கும் பொதுவாக என்னதான் மிஞ்சுகிறது? இங்கே ஒரு பழைய நடன அறிஞர் கைகொடுக்கிறார். ருடால்ஃப் லாபான் (1879-1958) அசைவை வடிவத்தால் மட்டும் பார்க்காமல் அதன் குணத்தாலும் பிரித்துப் பார்த்தார். குணத்துக்கு அவர் சொன்ன கூறுகள் நான்கு. எடை: அழுத்தமா, லேசா? காலம்: சட்டென்றா, நிதானமாகவா? இடம்: ஒரே குறியை நோக்கியா, பரவலாகவா? ஓட்டம்: கட்டுப்பட்டதா, தாராளமானதா?

பரதநாட்டியத்தின் முதல் பாடமான தட்டடவை எடுத்துக்கொள்வோம். அரைமண்டியில், அதாவது முட்டிகளை வெளிப்பக்கமாக மடக்கிப் பாதி உட்கார்ந்து, "தெய்யா தெய்" சொல்லுக்குப் பாதத்தால் தரையைத் தட்டுவது. வடிவமாகப் பார்த்தால் அரைமண்டி இல்லாமல் தட்டடவு இல்லை. குணமாகப் பார்த்தால் அது அழுத்தமானது, சட்டென்று விழுவது, ஒரே புள்ளியைக் குறிவைப்பது, கட்டுப்பட்டது. இந்த நாலையும் தொடைமேல் உள்ளங்கையால் கொண்டுவரலாம். ஊன்றுகோல் முனையால் கொண்டுவரலாம். தாடையாலும் கொண்டுவரலாம், முயன்று பாருங்கள். அரைமண்டி முடிந்தவர் அரைமண்டியிலேயே ஆடட்டும், அவரை யாரும் நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை. நாலு குணமும் வருகிறதா என்பதில் வழிநடத்துநர் கறாராக இருப்பார். "தாளம் தப்புது, திரும்பப் பண்ணுங்க" என்று சக்கர நாற்காலியில் இருப்பவரிடமும் சொல்வார். சொல்ல வேண்டும். கையைத் தூக்கினாலே கைதட்டுவது மரியாதை இல்லை.

இதுவரை: படிக்குப் பதில் வேலை. வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். எடை, காலம், இடம், ஓட்டம் என்ற குணங்களும் தாளமும் மாறாது.

இது எங்கிருந்து வந்தது?

வேகமாகச் சொல்லிவிடலாம். 1972இல் அமெரிக்காவில் ஸ்டீவ் பாக்ஸ்டன் என்ற நடனக் கலைஞர், இரண்டு பேர் தொட்டுச் சாய்ந்து, ஒருவர் எடையை மற்றவர் தாங்கி, அந்த நேரத்தில் தோன்றுவதை ஆடும் முறையைத் தொடங்கினார். முன்கூட்டியே அமைக்காமல் இலக்கணத்துக்குள் நின்று அந்தக் கணத்தில் உருவாக்குவதை நம் சங்கீதக்காரர்கள் மனோதர்மம் என்பார்கள். இது உடம்பின் மனோதர்மம். வடிவத்தைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் போனதும், எந்த உடம்பும் உள்ளே வர வழி பிறந்தது. 1987இல் ஓரிகான் மாநிலத்தின் யூஜீன் நகரில் ஆலிட்டோ அலெசியும் கேரன் நெல்சனும் அதைக் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து ஆடும் டான்ஸ்எபிலிட்டி முறையாக்கினார்கள். 1991இல் லண்டனில் செலஸ்ட் டான்டெக்கரும் ஆடம் பெஞ்சமினும் கேண்டோகோ என்ற அதே மாதிரிச் சேர்ந்து ஆடும் நடனக்குழுவைத் தொடங்கினார்கள். டான்டெக்கர் தொழில்முறை நடனக் கலைஞர். 1973இல் மேடையிலேயே விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர்.

நம் ஊரில் இந்தப் பேச்சு எடுத்தால் உடனே வரும் பெயர் சுதா சந்திரன். 1981இல் திருச்சி அருகே நடந்த பேருந்து விபத்துக்குப் பின் காலை இழந்து, ஜெய்ப்பூர் கால் பொருத்தி, 1984இல் மீண்டும் பரதம் ஆடியவர். அசாத்தியமான உழைப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் அது ஒருவர் தன்னை வளைத்து ஆட்டத்துக்குள் திரும்ப நுழைந்த கதை. நாம் பேசுவது, ஆட்டம் வளைந்து ஆளிடம் வருவதைப் பற்றி. முதல் கதையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், அவ்வளவு உழைக்க உடம்பில் தெம்பு இல்லாதவர் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

தாளம் காதுக்கு மட்டும் சொந்தமில்லை

தாளம் கேட்டால் கால் தானாக ஆடுகிறதே, ஏன்? தாளத்தைக் கேட்கும்போது, உடம்பு அசையாமல் இருந்தாலும், அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. வெளியே இருக்கும் துடிப்போடு உள்ளே இருக்கும் அசைவு தன்னைப் பூட்டிக்கொள்வதைத் தாள இயைவு என்று சொல்லலாம்.

இதன் பலனை நன்றாகப் பார்க்க முடிவது நடுக்குவாதம் என்னும் பார்க்கின்சன் நோயில். அந்த நோயில், நாமாக ஒரு அடியைத் தொடங்க உதவும் உள் கடிகாரம் பிசகிவிடுகிறது. நடந்துகொண்டே இருப்பவர் கதவு நிலை அருகில் வந்ததும் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுவார். வெளியிலிருந்து தாளம் கிடைத்தால், மூளை அந்தப் பழுதான வழியைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் அசைவைத் தொடங்க முடிகிறது. 2001இல் புரூக்ளினில் மார்க் மாரிஸ் நடனக்குழு பார்க்கின்சன் உள்ளவர்களுக்காக வகுப்பு தொடங்கியது, இன்று பல நாடுகளில் அதைப் போன்ற வகுப்புகள் நடக்கின்றன. நோய் குணமாவதில்லை. ஆனால் ஒரு மணி நேரம் அவர் நோயாளி இல்லை, ஆடுபவர்.

காது கேளாதவருக்கு? தாளம் என்பது அதிர்வு, காது அதைப் பிடிக்கும் ஒரு வழி, அவ்வளவுதான். தாழ்ந்த ஒலிகளைப் பாதமும் நெஞ்சுக்கூடும் பிடிக்கும். பறை, உறுமி, தவில் இருக்கும் ஊரில் இதை விளக்கவே தேவையில்லை. கோயில் கொடையில் பறைக்குப் பக்கத்தில் நின்றவருக்கு நெஞ்சு அதிர்ந்தது ஞாபகம் இருக்கும். வெளிநாட்டுக் குறிப்புகளில் "மரத்தரையில் ஆடுங்கள், அதிர்வு பாதத்துக்கு வரும்" என்று எழுதியிருக்கும். மதுரையில் மரத்தரைக்கு எங்கே போவது? டைல்ஸும் கிரானைட்டும் அதிர்வை அவ்வளவு கடத்தாது. நாங்கள் கண்ட வழி பழைய மர பெஞ்ச். பறையை பெஞ்சின் ஒரு முனையில் சாய்த்து அடித்தால் மறு முனையில் உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்புவரை ஏறும். ஊதிய பலூனை இரண்டு கையிலும் பிடித்திருந்தாலும் அதிர்வு நன்றாகத் தெரியும். ஆனால் மே மாத வெக்கையில் பலூன் படாரென்று வெடிக்கும், சத்தத்துக்கு மிரளும் ஆட்டிசம் உள்ள ஒருவர் அறையில் இருந்தால் அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது. ஒருவருக்கு உதவுவது இன்னொருவரைத் தொந்தரவு செய்யும். இந்த வேலையில் பாதி, அப்படிப்பட்ட மோதல்களைச் சமாளிப்பதுதான்.

பார்வையற்றவருக்குக் காது போதும், ஆனால் சொற்கள் மாற வேண்டும். "இப்படி வைங்க, அங்கிட்டு திரும்புங்க" என்பதெல்லாம் அவருக்குச் சொல்லாததற்குச் சமம். "இடது தோள் ஜன்னல் பக்கம்", "கடிகாரத்தில் மூன்று மணி இருக்கும் திசை" என்று சொன்னால் உடனே புரியும். தரையில் கயிற்றை வைத்து மேலே அகலமான டேப் ஒட்டிவிட்டால், பாதம் அதை உணர்ந்து எல்லையைத் தெரிந்துகொள்ளும். கண்ணை மூடிக்கொண்டும் நம் கை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறதல்லவா? தசைகளும் மூட்டுகளும் மூளைக்கு அனுப்பும் அந்தச் சேதிக்குத் தன்னிலை உணர்வு என்று பெயர். பார்வையுள்ளவர்கள் அதை நடன அறையின் சுவர்க் கண்ணாடிக்கு அடகு வைத்துவிடுகிறோம். எல்லாரையும் கண்ணை மூடி ஆடச் சொன்னால் யார் தடுமாறுகிறார்கள் என்று பாருங்கள்.

சுருக்கமாக: தாளம் காதிலும் நுழையும், பாதத்திலும் நுழையும், கண்ணிலும் நுழையும். ஒரு வாசல் அடைத்திருந்தால் அடுத்த வாசல்.

கைக்குட்டையும் துண்டும்

நம் பக்கத்து ஒயிலாட்டத்தில் கையில் ஒரு துணி இருக்கும். வரிசையாக நின்று, சலங்கைக் காலோடு, துணியை வீசி வீசி ஆடுவார்கள். அந்தத் துணி ஒரு பெருக்கி. மணிக்கட்டு ஒரு அங்குலம் அசைந்தால் துணியின் நுனி ஒரு முழம் அசையும். பக்கவாதம் வந்து விரல்கள் பிடிக்காதவருக்குத் துணியை மணிக்கட்டில் கட்டிவிடலாம். வரிசையில் மற்றவர் துணியோடு அவர் துணியும் ஒரே நேரத்தில் பறக்கும்போது, எந்தக் கை எவ்வளவு அசைந்தது என்று தூரத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது. கோலாட்டக் குச்சியும் உதவும், பார்வையற்றவருக்கு எதிராளி எங்கே என்று அது சொல்லிவிடும். ஆனால் குச்சி வாக்கரில் மாட்டும், விரலில் படும். முதல் நாளே எடுக்க வேண்டாம்.

கும்மி வட்டமும் எல்லாருக்கும் வசதியானதுதான், ஒருவரை ஒருவர் பார்க்கலாம், முன்வரிசை பின்வரிசை இல்லை. முளைப்பாரியைச் சுற்றிக் கும்மியடிக்கும்போது பாட்டியும் பேத்தியும் ஒரே வட்டத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் நம் நாட்டார் ஆட்டங்கள் இயல்பிலேயே எல்லாருக்குமானவை என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. வட்டம் வேகம் எடுத்ததும், குனிய முடியாதவர் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவார். யாரும் அவரை மறுபடி கூப்பிடுவதில்லை. நல்ல அமைப்பு இருக்கிறது, அதைத் திறந்துவிடும் வேலை பாக்கி இருக்கிறது.

அடுத்தது தொடுகை. மேலைநாட்டு முறையில் தோளோடு தோள் சாய்வது சாதாரணம். இங்கே முன்பின் தெரியாத ஆணும் பெண்ணும் அப்படி ஆடச் சொன்னால் அடுத்த வாரம் வகுப்பே இருக்காது. அதற்கு அழகான மாற்று, தோளில் போடும் துண்டு. ஒருவர் ஒரு முனை, மற்றவர் மறு முனை. துண்டை இறுக்கமாக வைத்துக்கொண்டால் ஒருவர் எடையை மற்றவர் அதன் வழியாகவே உணரலாம். லேசாகத் தளர்த்தினால் "நீ வா", இழுத்தால் "நான் போறேன்". சக்கர நாற்காலியில் இருப்பவர் முன்னே போக, பார்வையற்றவர் துண்டின் இறுக்கத்தை வைத்தே பின்னால் சுழன்று வருவதைப் பார்க்க வேண்டும்.

துண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு விதி உண்டு: கேட்காமல் தொடக்கூடாது. சக்கர நாற்காலியைத் தொடுவதும் ஆளைத் தொடுவதுதான். உதவும் ஆர்வத்தில் பின்னாலிருந்து தள்ளிவிடுவது நம்மவர்களின் பெரிய பழக்கம். இதோடு சேர்த்து இன்னொன்று. நாற்பது வயதுள்ள, அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவரை "பாப்பா" என்று கூப்பிடுவது, அவருக்கு எல்கேஜி பாட்டுப் போடுவது, அவரிடம் கேட்க வேண்டியதை அவர் அம்மாவிடம் கேட்பது. வளர்ந்தவர்களுக்கான அமர்வு என்றால் இதெல்லாம் வாசலோடு நிற்க வேண்டும். அறிவிப்பை ஒன்றொன்றாகச் சொல்வது, ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரி தொடங்கி முடிப்பது, இவை போதும். பாட்டு அவருக்குப் பிடித்த குத்துப்பாட்டாகவே இருக்கட்டும்.

மதுரையில் ஒரு அறை பிடிப்பது

முதலில் தரைத்தளம். சாய்தளம் இருந்தால், ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்க வேண்டும். பல கட்டடங்களில் 'ராம்ப்' என்று கட்டிவைத்திருப்பது பைக் ஏற்றுவதற்கு. கதவு 90 சென்டிமீட்டர் அகலம், மேலைநாட்டுக் கழிப்பறை.

அப்புறம் ஒரு சின்னப் பலகை: "செருப்பை வெளியே விடவும்". நம் ஊரில் ஆடும் இடம் என்றால் வெறுங்கால்தான், தரையைத் தொட்டுக் கும்பிட்டுத் தொடங்குவதுதான் வழக்கம். ஆனால் கேலிப்பர் ஷூவோடு சேர்ந்தே இருக்கும், ஷூவைக் கழற்றினால் கேலிப்பரையே கழற்ற வேண்டும். சர்க்கரையால் பாத உணர்வு மங்கியவர் வெறுங்காலோடு நடந்தால் காயம் பட்டதே தெரியாது. சக்கர நாற்காலியின் டயர் தெருவெல்லாம் சுற்றி வந்திருக்கும். அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். வாசலில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய துணி, இரண்டும் இருந்தால் ஷூவையும் டயரையும் துடைத்துவிட்டு உள்ளே வரலாம். தரைக்கு மரியாதையும் போகாது.

வெயிலைச் சொல்லாமல் விட முடியாது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வை சரியாக வராது, உடம்பு சூட்டை இறக்க முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் மதுரையில் பகல் அமர்வு வைப்பது ஆபத்து. காலை ஆறரையோ, மாலை ஆறோ. மின்விசிறி வேண்டும்தான், ஆனால் கடகடவென்று ஓடும் பழைய விசிறியின் இரைச்சலைக் காதுக்கருவி பெரிதாக்கி உள்ளே அனுப்பும். இதற்கும் ஒரே பதில் கிடையாது. காதுக்கருவிக்காரர் எங்கே உட்கார்ந்தால் தோது என்று அவரிடமே கேட்பதுதான் வழி.

இது சிகிச்சையா?

இல்லை. நடன சிகிச்சை என்று தனித்துறை இருக்கிறது. அமெரிக்காவில் அதற்கான சங்கம் 1966இல் தொடங்கியது, மேரியன் சேஸ் அதன் முதல் தலைவர். அங்கே பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவருடைய மனநிலை, உடல்நிலையை மதிப்பிட்டு, இலக்கு வைத்து வேலை செய்வார். நாம் பேசும் அமர்வில் மதிப்பீடு இல்லை, இலக்கு இல்லை, ஃபைல் இல்லை. பலன் இருக்கலாம். வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி, மாற்றுத்திறனாளிகளுக்கும் அதே அளவைத்தான் சொல்கிறது. அந்தக் கணக்கில் நடனமும் சேரும். ஆனால் பலனுக்காக மட்டும் ஆடச் சொன்னால் மாத்திரை மாதிரி ஆகிவிடும். வாட்ஸ்அப்பில் சுற்றும் "நடனம் பக்கவாதத்தை விரட்டும்" வகைச் செய்திகளை அழித்துவிடுங்கள். இதயக் கோளாறு இருந்தாலோ, சமீபத்தில் அறுவை நடந்திருந்தாலோ முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். ஆடும்போது களைப்பு வரலாம், வலி வந்தால் நிறுத்துங்கள்.

முதல் தடவை போகிறவருக்கு

போகும் முன் ஃபோனில் கேளுங்கள். வாசலில் படி இருக்கிறதா, சைகை மொழி தெரிந்தவர் இருப்பாரா, இடையில் வெளியே போய் அமைதியாக உட்கார இடம் உண்டா? "அதெல்லாம் சமாளிச்சுக்கலாம், வாங்க" என்பது பதில் இல்லை, விவரமாகச் சொல்லச் சொல்லுங்கள். நடத்துபவர்களில் மாற்றுத்திறனாளி யாராவது இருக்கிறாரா என்றும் கேளுங்கள். எல்லா அமர்வையும் 'நல்ல உடம்பு'க்காரர்களே நடத்திக்கொண்டிருந்தால், பந்தியில் சிலர் எப்போதும் சாப்பிடும் பக்கமே உட்கார்ந்திருக்கிறார்கள், கரண்டி அவர்கள் கைக்கு வரவில்லை என்று அர்த்தம்.

உள்ளே போனதும் ஆட வேண்டும் என்று கட்டாயமில்லை. பார்த்துக்கொண்டு உட்காருவதும் பங்கேற்பதுதான். முதல் நாள் ஆண்கள் பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம்தான் நிற்பார்கள். வெட்கம் ஒன்றும் மருத்துவப் பட்டியலில் இல்லாவிட்டாலும் நம் ஊரில் அதிகம் பேரை ஆடவிடாமல் வைத்திருப்பது அதுதான் என்பது என் கணக்கு.

சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் மாற்றுத்திறனாளிக்கும் அவரோடு வரும் உதவியாளருக்கும் கட்டணம் இல்லை, அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில், வழக்கமான மாத்திரை, ஒரு துண்டு. கூட வருபவருக்கும் சேர்த்து இன்னொரு துண்டு வையுங்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஃபோன் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று நினைத்து வருவார். அவரையும் உள்ளே இழுத்துவிடுவார்கள்.